பேஸ் கிட்டாருக்குக் கம்ப்ரஸர் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை பேஸ் வாசிக்கிற ஆக்களிடமிருந்து வந்த கேள்விகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: கம்ப்ரஸர் பெடல், அதாவது ஓங்கின நோட்டை இறக்கிச் சத்தத்தைச் சீராக்குகிற பெட்டி. ஆகவே பக்கத்தை முழுக்க அதற்கே விட்டுவிட்டேன். முதல் பதில் நீளம். மற்றவர்களும் அதை வாசித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வாருங்கள், சொன்னதைத் திரும்பச் சொல்ல இடம் இல்லை.

கேள்வி (உப்புவெளி): அண்ணா, மூன்று வருடமாகப் பேஸ் வாசிக்கிறேன். நான்கு கம்பி, பற்றரி இல்லாத சாதாரண பாசிவ் கிட்டார். கோயில் திருவிழா, கலியாண வீடு என்று எங்கள் குழுவோடு போகிறேன். மேடையில் சில நோட் குண்டாகப் பெருத்து வருகிறது, சில நோட் இருக்கிற இடமே தெரியவில்லை. சவுண்ட் செட்காரர் கம்ப்ரஸர் வாங்கச் சொல்கிறார். கனடாவில் இருக்கிற மாமா வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். எம்எக்ஸ்ஆர், பாஸ், அகுலார், கீலி என்று நிறையப் பெயர் பார்த்துத் தலை சுற்றுகிறது. எதைச் சொல்லட்டும்?

பதில்: தம்பி, மாமாவுக்குப் பெயர் சொல்லுமுன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. ஒரு ஸ்குரு டிரைவர் போதும். கிட்டாரை நேராக ஆம்பில் செருகி, நான்கு கம்பிகளையும் ஐந்தாம் ஃப்ரெட்டில் ஒரே பலத்தோடு வாசித்துப் பாருங்கள். ஈ கம்பி மட்டும் ஓங்கி, ஜி கம்பி பின்னால் நின்றால், பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பகுதி) ஈ பக்கம் கம்பிக்குக் கிட்டவும் ஜி பக்கம் தள்ளியும் இருக்கிறது என்று அர்த்தம். பிக்கப்பின் இரு பக்கமும் உள்ள திருகாணிகளை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் காதால் கேட்டுச் சரி பண்ணுங்கள். உங்களுடையது பிரிசிஷன் வகை என்றால் பிக்கப் இரண்டு துண்டாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித் திருகாணி, இன்னும் சுலபம். நான்கு கம்பியும் ஒரே வயதுடையவையா என்றும் பாருங்கள். நம் ஊரில் கடற்காற்றின் உப்புக்குக் கம்பி சீக்கிரம் செத்துவிடும், அறுந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்ற மூன்றையும் அப்படியே வைத்திருந்தால் அந்தப் புதுக்கம்பி எப்போதும் தனியாகக் கத்திக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்தது இடம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 4 மீட்டர் அகலமுள்ள ஓர் அறையில், எதிரெதிர்ச் சுவருக்கு நடுவே ஒலி போய்த் திரும்புகிற கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸில் அந்த அறை தானாகவே அதிரும். ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டில் வருகிற எஃப் நோட் 43.65 ஹெர்ட்ஸ். அப்போ அந்த அறையில் பழகும்போது எஃப் மட்டும் பெருத்துக் கேட்பது உங்கள் கையின் குற்றமும் இல்லை, கிட்டாரின் குற்றமும் இல்லை. எந்தக் கம்ப்ரஸரும் அதைத் தீர்க்காது, ஏனென்றால் பெடலைத் தாண்டிப் போன பிறகுதானே அறை அதைப் பெருக்குகிறது. கலியாண மண்டபத்தில் இதே கதை வேறு நோட்டில் நடக்கும். திருமலை டச்சுக்குடாப் பக்கம் கடற்கரையில் மேடை போட்டால் சுவரே இல்லை, அங்கே அடித்தொனி முழுக்கக் கடலோடு போய்விடும், நீங்கள் மெலிந்துபோன மாதிரி உணர்வீர்கள். ஆகவே ஒரு நாள் ஹெட்போன் போட்டு வாசித்துக் கேளுங்கள். ஹெட்போனிலும் அதே நோட்கள் ஏறி இறங்கினால் அது கையும் கிட்டாரும். அப்போதுதான் கம்ப்ரஸருக்கு வேலை.

சரி, இப்போ பெடல். சவுண்ட் செட்காரர் மிக்ஸரில் உங்கள் சேனலின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நீங்கள் ஓங்கி அடிக்கும்போது மட்டும் இறக்கி, பிறகு பழைய இடத்துக்கு ஏற்றுகிறார் என்று வையுங்கள். கம்ப்ரஸர் அந்த விரல்தான். எந்த அளவுக்கு மேலே போனால் இறக்குவது என்பது த்ரெஷோல்ட். எவ்வளவு இறக்குவது என்பது ரேஷியோ: 4க்கு 1 என்று வைத்தால், எல்லையைத் தாண்டி 8 டெசிபல் ஏறின சத்தம் 2 டெசிபல் மட்டுமே ஏறினதாக வெளியே வரும். எவ்வளவு விரைவாக இறக்குவது அட்டாக். எவ்வளவு நேரத்தில் திரும்ப ஏற்றுவது ரிலீஸ். இறக்கினதால் குறைந்த மொத்தச் சத்தத்தைத் திரும்ப மேலே கொண்டுவருவது லெவல் குமிழ். இந்த ஐந்தும் விளங்கினால் எந்தக் கம்பனியின் பெடலையும் கையில் எடுத்துப் பாவிக்கலாம்.

பேஸுக்கு மட்டும் உள்ள சிக்கல் இந்த அட்டாக்கிலும் ரிலீஸிலும்தான் இருக்கிறது, அதைக் கொஞ்சம் வடிவாகச் சொல்ல வேண்டும். திறந்த ஈ கம்பி செக்கனுக்கு 41 தடவை அதிர்கிறது, அதாவது ஒரு அலை முடிய 24 மில்லி செக்கன் வேண்டும். ரிலீஸை அதைவிடக் குறுக்கி வைத்தால் கம்ப்ரஸர் நோட்டின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு அலையின் மேட்டையும் பள்ளத்தையும் துரத்த ஆரம்பித்துவிடும், சத்தம் கரகரக்கும், ஆக்கள் பெடல் பழுது என்று நினைப்பார்கள். அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் விரல் கம்பியை விட்டு வருகிற அந்த முதல் 'டக்' நசுங்கிப்போகும். அந்த 'டக்'தான் டிரம்மின் கிக்கோடு சேர்ந்து விழுகிறது. அது போனால் நீங்கள் எவ்வளவு சத்தம் கூட்டினாலும் குழுவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரியே இருக்கும். அதனால் மில்லி செக்கன் கணக்குத் தெரிகிற பெடலோ மென்பொருளோ கிடைத்தால் அட்டாக் 20 முதல் 50 வரை, ரிலீஸ் 100 முதல் 300 வரை என்று தொடங்குங்கள். ரிலீஸின் மேல் எல்லையைப் பாட்டு சொல்லும். வேகமான பைலா ஒன்றில் நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடி 500 மில்லி செக்கன், அதை மூன்றாகப் பிரித்து வாசிக்கும்போது ஒவ்வொரு நோட்டுக்கும் கிடைப்பது 167 மில்லி செக்கன்தான். ரிலீஸ் அரைச் செக்கன் என்று கிடந்தால் கம்ப்ரஸர் ஏறி வருவதற்குள் அடுத்த இரண்டு மூன்று நோட் போய்விடும், அது பிறகு மேலே வரவே வராது.

இன்னொன்று. ஒலியில் அதிக பலம் இருப்பது அடித்தொனியில். முழுத் தொனியையும் ஒன்றாகப் பார்க்கிற கம்ப்ரஸரில் நீங்கள் ஈ கம்பியை ஓங்கினால், அது அடித்தொனியைப் பார்த்துப் பயந்து மேல்தொனியையும் சேர்த்து இறக்கிவிடும், நோட் மந்தமாகிவிடும். இதற்காகத்தான் சில பெடல்கள் அடி, மேல் என்று தொனியைப் பிரித்துத் தனித்தனியாக அமுக்குகின்றன, வேறு சிலவற்றில் அமுக்காத சத்தத்தையும் கொஞ்சம் கலந்துவிட ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள்.

இனிப் பெயர்கள். எம்எக்ஸ்ஆர் எம்87ல் இன்புட், அவுட்புட், அட்டாக், ரிலீஸ், ரேஷியோ என்று ஐந்து குமிழும் இருக்கிறது, எவ்வளவு அமுக்குகிறது என்று வரிசையாக எரிகிற லைட் மீட்டரும் இருக்கிறது. பாஸ் பிசி-1எக்ஸ் டிஜிட்டல், தொனியைப் பிரித்து அமுக்குகிற வகை, அதிலும் மீட்டர் உண்டு. அகுலார் டிஎல்சியில் நான்கு குமிழ், சத்தம் அருமை, ஆனால் அப்படி மீட்டர் கிடையாது. கீலி பேசிஸ்ட் மூன்றே குமிழ், குழப்பம் இல்லாதது, அட்டாக்கும் ரிலீஸும் உங்கள் கையில் இல்லை. டிசி எலக்ட்ரானிக் ஸ்பெக்ட்ராகாம்ப் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒற்றைக் குமிழ்ப் பெட்டி, உள்ளே தொனி பிரிப்பு இருக்கிறது, போனிலிருந்து அமைப்பை மாற்றலாம்.

முதல் தடவை வாங்குகிறவருக்கு நான் எப்போதும் மீட்டர் உள்ளதைத்தான் சொல்வேன். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கம்ப்ரஸரின் வேலை காதுக்கு உடனே பிடிபடாது, டிஸ்டார்ஷன் மாதிரி மிதித்ததும் தெரிகிற விஷயம் இல்லை இது. மீட்டரில் 3 டெசிபல் இறங்குவதைக் கண்ணால் பார்த்து, அதே நேரம் காதால் கேட்டுக் கேட்டுத்தான் 3 டெசிபல் எப்படி இருக்கும் என்று பழக வேண்டும். உங்களுடைய குறை அடி நோட் பெருப்பது, விரலால் வாசிக்கிறீர்கள் என்றும் நினைக்கிறேன், ஆகவே பிசி-1எக்ஸ் சொல்லுங்கள். பெரும்பாலும் ஸ்லாப்தான், அதாவது பெருவிரலால் கம்பியைத் தட்டித்தான், அடிப்பீர்கள் என்றால் எம்87.

மாமாவிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: அங்கே கடையில் கூடவே தருகிற அடாப்டரை அனுப்ப வேண்டாம். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், எங்களுடையது 230. அடாப்டரின் முதுகில் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பாவிக்கலாம். 120 என்று மட்டும் இருந்தால் இங்கே செருகின நிமிடமே எரியும். பாஸ் கம்பனிகூட நாட்டுக்கு நாடு வேறு வேறு அடாப்டர்தான் விற்கிறது. அதை இங்கேயே வாங்குங்கள்.

பெடல் வந்ததும் ரேஷியோ 4க்கு 1, ஓங்கி அடிக்கிற நோட்டுக்கு மட்டும் மீட்டர் 3 அல்லது 4 டெசிபல் காட்டும்படி த்ரெஷோல்ட், மெல்ல வாசிக்கும்போது மீட்டர் அசையவே கூடாது. பிறகு பெடலை மிதித்தும் விட்டும் பார்த்து இரண்டு நிலையிலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்வரை லெவலைத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் நல்லது கெட்டது முடிவு பண்ணாதீர்கள், சத்தம் கூடினது எதுவும் காதுக்கு நல்லதாகத்தான் தோன்றும்.

கேள்வி (கிண்ணியா): எஃப்இடி, ஆப்டோ, விசிஏ என்று ஒவ்வொரு பெடலுக்கும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். பேஸுக்கு ஆப்டோதான் நல்லது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? எங்கள் குழு வேகமான பாட்டுகளே அதிகம் செய்கிறது.

பதில்: அந்த எழுத்துகள் எல்லாம் உள்ளே சத்தத்தை இறக்குகிற பொருள் எது என்பதைச் சொல்கின்றன. ஆப்டோவில் ஒரு சின்ன விளக்கு, அதற்கு முன்னால் வெளிச்சம் பட்டால் தடை மாறுகிற ஒரு பொருள். சத்தம் கூடினால் விளக்கு கூட எரியும், தடை மாறி ஒலி இறங்கும். விளக்குக்கும் அந்தப் பொருளுக்கும் தங்கள் பாட்டில் ஒரு சோம்பல் உண்டு, அதனால் மெல்லத்தான் வேலை செய்யும், விட்டுவருவதும் இரண்டு கட்டமாக, முதலில் சட்டென்று பாதி, மீதி ஆறுதலாக. ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றைக்கும் கொண்டாடுகிற எல்ஏ-2ஏ இந்த வகை. பாடகர் குரலுக்கும் நீட்டி வாசிக்கிற பேஸுக்கும் அது வடிவு.

ஒருவகை ட்ரான்சிஸ்டரால் சத்தத்தை இறக்குகிற எஃப்இடி வகைக்குப் பேர்போனது 1967ல் பில் புட்னம் கொண்டுவந்த 1176. அதன் அட்டாக்கை மிக மெதுவாக வைத்தாலும் 800 மைக்ரோ செக்கன், ஒரு மில்லி செக்கன்கூட இல்லை. எம்87 அந்தக் குடும்பத்தின் வழியில் வந்ததுதான், ரேஷியோக்கள்கூட அதே 4, 8, 12, 20. அதனால்தான் ஸ்லாப்பில் பெருவிரல் கம்பியில் விழுகிற அந்த முனையை அது தவறவிடாது. அதனால்தான் விரலால் வாசிக்கிறவர் அதில் இன்புட்டைக் கூட்டிவிட்டு 'டக்' போய்விட்டது என்று கவலைப்படுவதும். வோல்டேஜால் சத்தத்தைக் கட்டுப்படுத்துகிற விசிஏ வகை துல்லியமானது, தனக்கென்று நிறம் சேர்க்காது, டேவிட் பிளாக்மரின் டிபிஎக்ஸ் 160 பேஸிலும் கிக்கிலும் எத்தனையோ பதிவுகளில் இருக்கிறது.

உங்கள் நண்பர் சொன்னது அவர் வாசிக்கிற முறைக்கு உண்மையாக இருக்கும். மெதுவான பாட்டு, நீண்ட நோட் என்றால் ஆப்டோ. நீங்கள் எழுதினதைப் பார்த்தால் உங்கள் குழு வேகமான பாட்டுகளே அதிகம் செய்கிறது, அதற்கு ஆப்டோவின் ஆறுதலான ரிலீஸ் இடைஞ்சல். எழுத்தைப் பார்த்து வாங்காமல், ரிலீஸ் குமிழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (மூதூர்): எங்கள் லீட் கிட்டார்காரரிடம் பழைய டைனா காம்ப் (எம்எக்ஸ்ஆரின் கிட்டார் கம்ப்ரஸர்) ஒன்று சும்மா கிடக்கிறது. பேஸுக்குப் பாவிக்கலாமா?

பதில்: பாவித்துப் பாருங்கள், ஒன்றும் கெடாது. இரண்டே குமிழ், அட்டாக்கும் ரிலீஸும் உள்ளேயே கட்டிவைத்தது, அதுவும் கிட்டாரை மனதில் வைத்துக் கட்டினது. பேஸின் சத்தம் பலமானது, ஆகவே சென்சிட்டிவிட்டிக் குமிழை, கடிகார முள்ளாக நினைத்தால், ஒன்பது மணிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், இல்லாவிட்டால் நசுங்கியும் இரைச்சலாகவும் வரும். கம்ப்ரஸர் என்றால் என்ன என்று காதுக்குப் பழக்க அது போதும். மேடைக்கு நான் கொண்டுபோக மாட்டேன்.

கேள்வி (பாலையூற்று): தம்பி, எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நாற்பது வருடம் பைலாக் குழுக்களில் பேஸ் வாசித்தவன். ஒரு பெடலும் வைத்ததில்லை. இப்போ கூட வாசிக்கிற பெடியன்கள் கம்ப்ரஸர் இல்லாமல் ஏறக்கூடாது என்கிறார்கள். தேவையா?

பதில்: ஐயா, உங்களுக்குத் தேவையில்லை. இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. நாற்பது வருடம் ஆட வந்த ஆக்களை ஆட வைத்த கைக்குள் ஒரு கம்ப்ரஸர் ஏற்கனவே இருக்கிறது. எந்த நோட்டை எவ்வளவு தட்டுவது என்று விரலுக்குத் தெரியும், அறை மாறினால் அதுவும் மாறும், எந்தப் பெடலுக்கும் அது தெரியாது. அமெரிக்காவின் மோட்டவுன் கம்பனிப் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சன் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார், தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பி (மேற்சுற்று தட்டையானது), அதை மாற்றவும் மாட்டார். கூடத்தில் பதிவுசெய்தவர்கள் அமுக்கியிருக்கலாம், அது அவர்கள் வேலை. அவர் கையிலிருந்து வந்ததே ஒழுங்காகத்தான் வந்தது.

திருமலையிலும் மட்டக்களப்பிலும் பறங்கியர் வீடுகளில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினும் மேண்டலினும் றபானும் வாசித்த கைகள் எதையும் செருகாமலே அந்த ஆறெட்டுத் தாளத்தை ஆடாமல் நிலைநிறுத்தின. பெடியன்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்: இன்றைக்குச் சவுண்ட் செட்டுகள் பெரிது, சப்வூஃபர் பெட்டி நான்கு ஆறு என்று அடுக்குகிறார்கள், ஒரு நோட் தவறி ஓங்கினால் அந்தப் பெட்டிகள் அதைப் பல மடங்காக்கிக் காட்டிவிடும். அதற்கு மிக்ஸரிலேயே ஒரு லிமிட்டர் வைத்துக்கொள்ளலாம், 10க்கு 1 அல்லது அதற்கு மேல், தவறி ஓங்கினதை மட்டும் பிடிக்கும்படி. உங்கள் காலடியில் ஒன்றும் வேண்டாம்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வலது கையைப் பெடியன்களுக்கு ஒரு நாள் கிட்ட இருந்து காட்டுங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): நான் சவுண்ட் செட் வைத்திருக்கிறேன். வருகிற பேஸ்காரர் எல்லாம் கம்ப்ரஸரை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு வருகிறார்கள். இரைச்சல் கூடுகிறது, பேஸ் ஒரே தடித்த கோடு மாதிரி வருகிறது. எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது?

பதில்: நீங்கள் எழுதினது நல்லது, ஏனென்றால் இதன் மறுபக்கத்தை வாசிக்கிறவர்கள் கேட்பதில்லை. கம்ப்ரஸர் ஓங்கினதை இறக்கி, மொத்தத்தையும் ஏற்றுகிறது. அந்த மொத்தத்துக்குள் கிட்டாரின் இரைச்சல், பிக்கப் பிடிக்கிற 50 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு, அலங்கார லைட் வயரிலிருந்து வருகிற கிரகிரப்பு எல்லாம் அடங்கும். 10 டெசிபல் அமுக்கி 10 டெசிபல் ஏற்றினால், வாசிக்காத நேரத்தில் இரைச்சலும் அதே 10 டெசிபல் ஏறி நிற்கும். இதையே அவர்களிடம் கணக்காகச் சொல்லுங்கள், விளங்கும்.

இன்னொன்றை நீங்களும் பார்க்க வேண்டும். யமஹா எம்ஜி மாதிரிச் சின்ன மிக்ஸர்களில்கூடச் சில சேனல்களில் ஒற்றைக் குமிழ்க் கம்ப்ரஸர் இருக்கிறது, பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மாதிரி டிஜிட்டல் மிக்ஸர் என்றால் ஒவ்வொரு சேனலிலும் இருக்கிறது. வாசிக்கிறவர் ஒரு தடவை அமுக்கி, அதன் மேல் நீங்கள் ஒரு தடவை அமுக்கினால், அந்தத் தடித்த கோட்டுக்கு இரண்டு பேருமே பொறுப்பு. சவுண்ட் செக்கில் முதல் வேலையாகக் கேளுங்கள்: கம்ப்ரஸர் வைத்திருக்கிறீர்களா, எத்தனை டெசிபல்? அவர் 4 என்றால் உங்களுடையதை விட்டுவிடுங்கள். பதில் தெரியவில்லை என்றால் பெடலை நிறுத்தச் சொல்லிவிட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வாசிக்கிற தம்பி தங்கைமாருக்கும் இதே பேச்சுத்தான்: சவுண்ட் பார்க்கிறவரோடு கதையுங்கள், மேடையில் உங்கள் காதுக்கு வருவது வேறு, மைதானத்தின் கடைசியில் நிற்கிறவருக்குப் போவது வேறு.

கேள்வி (நிலாவெளி): ஹோட்டல் ஒன்றில் வாரக் கடைசியில் வாசிக்கிறோம். போன மாதம் கம்ப்ரஸர் பெடல் ஒன்று வாங்கினேன், இரண்டாவது கிழமையே செத்துவிட்டது. கடைக்காரர் மின்சாரம் சரியில்லாததால் வந்தது என்கிறார். அப்படி இருக்குமா?

பதில்: உங்கள் பெடலைப் பார்க்காமல் காரணம் சொல்ல மாட்டேன். எந்த அடாப்டரில் செருகினீர்கள் என்று முதலில் யோசியுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கோயில் இரவு நிகழ்ச்சி, என் அடாப்டர் வீட்டில் கிடக்கிறது, பக்கத்தில் கீபோர்டு வாசிக்கிறவர் ஒரு அடாப்டரை நீட்டினார், முனை சரியாகப் பொருந்தியது. லைட்கூட எரியவில்லை, ஒரு மணம் மட்டும் வந்தது. அந்தக் கீபோர்டு அடாப்டர் 12 வோல்ட், அதன் முனையின் நடு பிளஸ். கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடு மைனஸ். வோல்ட்டும் தப்பு, துருவமும் தப்பு. ஆசைப்பட்டு வாங்கின பெடல், அன்றைக்கு வந்த கவலை இன்றைக்கும் ஆறவில்லை. அன்றிலிருந்து பெட்டிக்குள் இரண்டு அடாப்டர் வைத்திருக்கிறேன்.

அடாப்டரின் முதுகில் ஒரு சின்ன வட்டப்படம் இருக்கும், நடுப்புள்ளிக்குப் போகிற கோட்டில் மைனஸ் குறி இருக்க வேண்டும், பெடலின் மேல் உள்ள படமும் அதுவாகவே இருக்க வேண்டும். வோல்ட் பெடல் கேட்கிற அதே அளவு. மில்லி ஆம்பியர் மட்டும் கூட இருக்கலாம், குறையக் கூடாது, டிஜிட்டல் பெடல்கள் அதிகம் இழுக்கும். அப்புறம் கடலுக்கு அவ்வளவு கிட்டப் பெடலை மேடையிலேயே விட்டுவிட்டுப் போவீர்களானால் உப்புக் காற்று ஜாக் துளைகளைத் தின்றுவிடும். துணியில் சுற்றி, மூடுகிற பெட்டியில், அரிசி அளவு சிலிக்கா மணிகள் உள்ள அந்தச் சின்னப் பைகளோடு வையுங்கள். ஹோட்டலில் ஜெனரேட்டரில் ஓடும்போது மைக்கைத் தொட்டால் உதட்டில் சுரீர் என்கிறதா? அப்படியென்றால் எர்த் இல்லை. பெடலை விடுங்கள், அதை மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுச் சரிபண்ணாமல் வாசிக்கவே வேண்டாம்.

கேள்வி (உவர்மலை): அண்ணா, நான் படிக்கிற பிள்ளை, தேவாலயத்தில் ஞாயிறு பாடல்களுக்கு ஐந்து கம்பி ஆக்டிவ் (பற்றரி உள்ள) பேஸ் வாசிக்கிறேன். இப்போதைக்குப் பெடல் வாங்கக் காசில்லை. கம்ப்ரஸரைப் பழக வேறு வழி இருக்கிறதா? வாங்கினால் மற்றப் பெடல்களோடு எந்த வரிசையில் வைப்பது?

பதில்: தங்கச்சி, இருக்கிறது, அதுவும் இலவசமாக. வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் ரியாபிளக்ஸ் என்ற தொகுப்பை இறக்குங்கள், அதில் ரியாகாம்ப் என்று ஒரு கம்ப்ரஸர் உண்டு, அதை ஏதாவது ஒரு பதிவு மென்பொருளுக்குள் திறக்கலாம். த்ரெஷோல்ட், ரேஷியோ, அட்டாக், ரிலீஸ் எல்லாம் எண்களாகத் தெரியும், அமுக்குகிற அளவும் கோடாகத் தெரியும். உங்கள் வாசிப்பைப் பதிவுசெய்து அதில் போட்டு, முதல் பதிலில் சொன்ன அட்டாக்கையும் ரிலீஸையும் ஒவ்வொன்றாக எல்லை தாண்டி வைத்துக் கேளுங்கள், எது எப்படிக் கெடுக்கிறது என்று ஒரு பின்னேரத்துக்குள் பிடிபடும். இதைச் செய்துவிட்டுக் கடைக்குப் போகிறவரை யாரும் ஏமாற்ற முடியாது. காசு சேர்ந்த பிறகும் தனிக் கம்ப்ரஸருக்கு முன்னால் ஸூம் பி1 ஃபோர் மாதிரி ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் யோசியுங்கள், அதற்குள் கம்ப்ரஸரும் ட்யூனரும் வந்துவிடும்.

ஐந்தாவது பி கம்பி 31 ஹெர்ட்ஸ், ஓர் அலைக்கு 32 மில்லி செக்கன், அதனால் உங்கள் ரிலீஸ் நான் மேலே சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கட்டும். ஆக்டிவ் பேஸின் பற்றரி இறங்கினால் ஓங்கின நோட் கரகரக்கும், கம்ப்ரஸர்தான் கெடுக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கேபிளைச் செருகி வைத்தாலே பற்றரி போய்க்கொண்டிருக்கும், பூசை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். வரிசைக்கு: ட்யூனர் முதலில். ஆட்டோ வா வகை (வாசிக்கிற பலத்துக்குத் தொனி மாறுவது) இருந்தால் அது கம்ப்ரஸருக்கு முன்னால், அதற்கு உங்கள் விரலின் ஏற்ற இறக்கம் வேண்டும். ஆக்டேவ் பெடல் (நோட்டை ஒரு ஸ்தாயி இறக்கியோ ஏற்றியோ தருவது) கம்ப்ரஸருக்குப் பின்னால், சீரான சத்தம் போனால் அது நோட்டைத் தடுமாறாமல் பிடிக்கும். டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்குவது) எங்கே என்பது ருசி, நான் கம்ப்ரஸருக்குப் பின்னால் வைக்கிறேன்.

கேள்வி (தம்பலகாமம்): ஜி கம்பியில் ஐந்தாம், ஆறாம் ஃப்ரெட்டில் மட்டும் நோட் சட்டென்று செத்துப்போகிறது. கம்பி மாற்றியும் பார்த்தேன். கம்ப்ரஸர் போட்டால் சரியாகுமா?

பதில்: இதை டெட் ஸ்பாட் என்பார்கள், நீண்ட கழுத்துள்ள பேஸ்களில் ஜி கம்பியின் ஐந்து முதல் ஏழாம் ஃப்ரெட்டுக்குள் சாதாரணமாக வருகிறது. அந்த நோட்டின் அதிர்வும் கழுத்துக்கட்டையின் அதிர்வும் ஒன்றாகிப்போவதால் கம்பியின் பலத்தைக் கட்டை உறிஞ்சிவிடுகிறது. கம்ப்ரஸர் அந்த வாலை ஒரு கொஞ்சம் தூக்கிக் காட்டும், இல்லாமல் போன பலத்தை உண்டாக்காது. தலைப்பக்கத்தில் ஒரு சின்ன 'ஜி' கிளாம்பைப் பூட்டிப் பாருங்கள், தச்சுவேலைக்காரர் பாவிக்கிற அதுதான், கட்டையில் தழும்பு விழாமல் இடையில் துணித்துண்டு வையுங்கள். பாரம் கூடினதும் செத்த இடம் அரை ஃப்ரெட், ஒரு ஃப்ரெட் தள்ளிப் போகும். நீங்கள் அதிகம் பாவிக்காத நோட்டுக்கு அதைத் தள்ளிவிட முடிந்தால், பெடலுக்கு வைத்த காசில் நல்ல ஃப்ளாட்வவுண்ட் கம்பி ஒரு செட் வாங்குங்கள்.